மடக்குச் சவரக்கத்திக்குத் தீட்டுக்கல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்களுக்கும் அவர்களுடைய நண்பர்களுக்கும் சவரக்கத்தி தீட்டித் தருவதால் என்னிடம் வந்து சேர்ந்த சந்தேகங்கள் இவை. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பவை. என் கட்சி என்ன என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: எல்லோரும் காசைக் கொட்டுவது மெருகேற்றும் கடைசிக் கல்லில், சவரம் நன்றாக அமைவதோ சொரசொரப்பான முதல் கல்லாலும், கல் தட்டையாக இருப்பதாலும்.

சலூன்ல வச்சிருக்கற கத்தியும் இதுவும் ஒண்ணுதானே? அங்க யாரும் கல்லுல தீட்டற மாதிரி தெரியலையே?

பார்க்கத்தான் ஒன்று. சலூனில் இப்போது இருப்பது பிளேடைப் பாதியாக ஒடித்துச் சொருகும் பிடி. ஒரு ஆளுக்கு ஒரு பாதி, முடிந்ததும் குப்பையில். அதற்குக் கல்லும் வேண்டாம், தோல்வாரும் வேண்டாம்.

இந்தப் பக்கம் முழுக்க நான் பேசுவது பழைய மடக்குச் சவரக்கத்தியைப் பற்றி. அலகு முழுவதும் ஒரே எஃகு, முதுகு தடித்து, இரு பக்கமும் உள்வாங்கிக் கடையப்பட்டு, வாய், அதாவது வெட்டும் விளிம்பு, காகிதம்போல் மெலிந்திருக்கும். ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்ட், பிரான்ஸின் தியே ஊர்க் கத்திகள் இந்த வகை. ஒழுங்காக வைத்துக்கொண்டால் மூன்று தலைமுறைக்கு வரும். அதற்குத்தான் கல்.

கல்லுல தீட்டறோம், அப்புறம் எதுக்குத் தோல்வார்ல வேற இழுக்கணும்?

இரண்டும் வேறு வேலை. கல் எஃகைத் தேய்த்து எடுக்கிறது. புதிய வாயை உண்டாக்குகிறது. தோல்வார் எஃகை எடுப்பதில்லை என்றே சொல்லலாம். ஒரு சவரத்தில் லேசாக மடங்கிய வாயை நேராக்கி, ஒட்டியிருக்கும் ஈரத்தையும் துகளையும் துடைக்கிறது. தோல்வார் ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால், கல் எப்போதாவது.

இழுக்கும் திசையும் நேர் எதிர். கல்லில் வாய் முன்னால் போகும், தோலில் முதுகு முன்னால் போகும். தோலில் வாயை முன்னால் விட்டால் தோல் அறுந்துபோகும். ஒருமுறை அறுத்தவர் மறுபடி மாற்றி இழுக்க மாட்டார்.

ஹார்டுவேர் கடைல கறுப்பா ரெண்டு பக்கக் கல்லு விக்கிறாங்களே, அதுல தீட்டினா என்ன?

அரிவாள்மனைக்கும் உளிக்கும் நல்ல கல். சிலிக்கன் கார்பைடு, வேகமாகத் தின்னும். சென்னையிலேயே முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் 1954 முதல் இந்த வகை உராய்பொருள்களைச் செய்துவருகிறது. தரத்தில் குறையொன்றும் இல்லை. ஆனால் கடையில் தொங்கும் அந்த இரட்டைக் கல்லின் நைசான பக்கமே சில நூறு கிரிட்தான் (கிரிட் என்பது கல்லின் நைசைச் சொல்லும் எண், கணக்கு கீழே வருகிறது). ஒவ்வொரு துகளும் 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவில் இருக்கும் இடத்தில் சவரக்கத்தியை வைத்தால் வாய் பல் பல்லாக உடையும். அதைச் சரிசெய்ய அப்புறம் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். வாங்க வேண்டாம்.

தெருவுல சாணை பிடிக்கிறவர் வர்றார். அவர்கிட்ட குடுத்து ஒரு தேய் தேய்ச்சு வாங்கிக்கலாமா?

கூடாது. சக்கரத்தில் படும் மெல்லிய வாய் கண்ணிமைக்கும் நேரத்தில் சூடேறும். சவரக்கத்தியின் எஃகைப் பதப்படுத்தியபோது ஏறத்தாழ 200 டிகிரிக்குள் வைத்து இறக்கியிருப்பார்கள். அதைத் தாண்டிச் சூடானால் பதம் போய்விடும். வாயோரம் நீலம் தட்டியிருந்தால் அந்த இடம் 290 டிகிரிவரை போய்வந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே இனி கூர் நிற்காது. அந்தப் பகுதியைத் தேய்த்தே தீர்க்கவேண்டும். சாணை பிடிப்பவர்மேல் குற்றமில்லை, அவருடைய சக்கரம் இந்த வேலைக்கானதல்ல.

1000, 4000, 8000-னு நம்பர் போடறாங்களே, அது என்ன கணக்கு?

எண் கூடக்கூடத் துகள் சிறிதாகும். ஜப்பானியத் தர அளவின்படி 1000 கிரிட் துகள் சுமார் 11.5 மைக்ரான், 3000 என்றால் 4, 4000 என்றால் 3, 6000 என்றால் 2, 8000 என்றால் 1.2. இந்தத் தர அட்டவணை 8000-த்தோடு முடிகிறது. 10000, 12000, 30000 என்று அட்டைப்பெட்டியில் வருவதெல்லாம் அந்தந்தக் கம்பெனி தானாக வைத்த எண். ஒரு கம்பெனியின் 12000-மும் இன்னொன்றின் 12000-மும் சமமாக இருந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அமெரிக்க, ஐரோப்பிய எண்முறைகள் வேறு. அங்கே 1000 என்பது ஜப்பானிய 1000-த்துக்குச் சமமாக இருக்காது. எமரித் தாள் வாங்கும்போதும் இதே குழப்பம் வரும். ஆகவே எங்கே மைக்ரான் கொடுத்திருக்கிறார்களோ அதைப் பாருங்கள், கிரிட் எண்ணை அடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை வாங்கறேன். குறைஞ்சது எத்தனை கல்லு வேணும்?

கத்தி நல்ல நிலையில் இருந்து, கூரைப் புதுப்பிக்க மட்டும் என்றால் ஒன்று போதும்: 8000 அல்லது 12000. பழைய கத்தியை அல்லது மலிவான புதுக் கத்தியை அடியிலிருந்து எழுப்ப வேண்டும் என்றால் மூன்று: 1000, 4000 சுற்றுவட்டாரத்தில் ஒன்று, 8000 அல்லது அதற்கு மேல் ஒன்று. இதோடு கல்லைத் தட்டையாக்க ஒரு சாதனம். கல் வாங்கும் பணத்தில் அதற்கும் ஒதுக்குங்கள். அது இல்லாமல் மூன்று கல்லும் ஒரு வருடத்தில் குழிவிழுந்து கிடக்கும்.

எட்டுக் கல் அடுக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. அது வேறு ஆசை. அதற்குக் கத்தி காரணமில்லை.

புதுக் கத்திதான் வாங்கினேன். எதுக்கு 1000? நேரா 8000-ல போட்டா ஆகாதா?

விற்பவர் ஒழுங்காகத் தீட்டி அனுப்பியிருந்தால் ஆகும். பல தொழிற்சாலைகள் அனுப்பும் கத்தி அப்படி இருப்பதில்லை. சீனாவின் கோல்ட் டாலர் மாதிரி மலிவான கத்திகளில் முதுகே சமமாக இருக்காது.

இதைப் புரிந்துகொள்ள, வாயை நெருக்கத்தில் பாருங்கள். இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மின்னும் பட்டை தெரியும். அதைச் சரிவு என்று சொல்லலாம். இரண்டு சரிவும் வாயின் முழு நீளத்துக்கும் ஒரே கோட்டில் சந்தித்தால்தான் கூர். 1000 கல் அந்தச் சந்திப்பை உண்டாக்குகிறது. 8000 அதை மெருகேற்ற மட்டும் செய்யும். சந்திக்காத சரிவை 8000-ல் நாள் முழுக்கத் தேய்த்தாலும் பளபளப்பான மொட்டைக் கத்திதான் கிடைக்கும்.

1000 கல்லோட வேலை முடிஞ்சிருச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? பத்துத் தடவை, அம்பது தடவைன்னு கணக்கு இருக்கா?

எண்ணிக்கைக் கணக்கு கிடையாது. ஒரு கத்திக்கு இருபது போதும், இன்னொன்றுக்கு முந்நூறு ஆகும்.

கத்தியைக் கழுவித் துடைத்து, வாய் மேலே பார்க்க, மேசை விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். பிடிப்பக்கத்திலிருந்து நுனிவரை மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நல்ல வாய் ஒளியைத் திருப்பித் தராது. வெறும் கறுப்புக் கோடாகத் தெரியும். எங்காவது ஊசிமுனை அளவு வெள்ளிப் பொட்டு மினுக்கினால் அந்த இடத்தில் சரிவுகள் இன்னும் சந்திக்கவில்லை. நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் லென்ஸ் ஒன்று இருந்தால் இன்னும் தெளிவு. அடுத்து முன்கை முடி: தோலை ஒட்டி வைத்து நகர்த்தினால், பிடிப்பக்கம், நடு, நுனி மூன்று இடத்திலும் ஒரே மாதிரி வழிக்க வேண்டும். நடுவில் வழித்து நுனியில் வழுக்கினால் நுனிக்கு இன்னும் வேலை பாக்கி.

சரிவில் ஸ்கெட்ச் பேனா மையைத் தடவிவிட்டு நாலு இழுப்பு இழுத்துப் பார்ப்பதும் நல்ல வழி. மை எங்கே மிச்சமிருக்கிறதோ, அங்கே கல் தொடவில்லை.

எத்தனை டிகிரி சாய்ச்சுப் பிடிக்கணும்? சமையல் கத்திக்கு 15-ங்கறாங்களே?

சாய்க்கவே கூடாது. முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படுத்திருக்க வேண்டும். கோணத்தை முதுகின் தடிமன் பார்த்துக்கொள்ளும். வாயிலிருந்து முதுகுவரை 18 மில்லிமீட்டர், முதுகின் தடிமன் 5 மில்லிமீட்டர் என்றால் இரு சரிவுக்கும் இடையே கோணம் கிட்டத்தட்ட 16 டிகிரி. பெரும்பாலான கத்திகள் இதை ஒட்டித்தான் அமைந்திருக்கும்.

அழுத்தம்தான் பலர் கெடுக்கும் இடம். 1000 கல்லில் விரல் எடை கொஞ்சம் இருக்கலாம். 8000-க்கு வரும்போது கத்தியின் சொந்த எடைக்கு மேல் எதுவும் வேண்டாம். உள்வாங்கிக் கடைந்த அலகு மெல்லியது, அழுத்தினால் வளைந்து வாய் கல்லைவிட்டு விலகும்.

முதுகுல டேப் ஒட்டித் தீட்டணும்னு ஒருத்தர் சொல்றார், ஒட்டக்கூடாதுன்னு இன்னொருத்தர் சொல்றார்?

இரண்டும் சரி. எலெக்ட்ரிக் டேப் ஒரு சுற்று 0.15 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இரு பக்கமும் சேர்ந்து 0.3. மேலே சொன்ன 18 மில்லிமீட்டர் கத்தியில் கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும். முதுகில் பொன்வேலையோ செதுக்கு வேலையோ உள்ள கத்திக்கும், முதுகு ஏற்கெனவே தேய்ந்து தட்டையான பழைய கத்திக்கும் நான் ஒட்டுவேன். மற்றவற்றுக்கு ஒட்டுவதில்லை. முக்கியம் என்னவென்றால் ஒட்டித் தொடங்கினால் கடைசிக் கல்வரை ஒட்டியே போக வேண்டும். இடையில் எடுத்தால் கோணம் குறைந்து, கல் வாயைத் தொடாமல் சரிவின் பின்பக்கத்தை மட்டும் தேய்க்கும்.

எந்தக் கம்பெனி வாங்கலாம்? நேனிவா, ஷாப்டன், கிங், நார்ட்டன்… தலை சுத்துது.

நான்கும் நல்ல கம்பெனிதான், வீண்போகாது. குணம் மட்டும் மாறும். கிங் 1000 மலிவு, மென்மை, சீக்கிரம் குழியும். ஷாப்டன் கெட்டி, வேகமாக வெட்டும், குழிவது குறைவு. நேனிவாவின் சூப்பர் ஸ்டோன் 12000 கையில் வழவழவென்று இருக்கும், சவரக்கத்திக்காரர்கள் பலருடைய கடைசிக் கல் அது. நார்ட்டன் 4000, 8000 இரண்டையும் ஒட்டிய இரட்டைக் கல் பல வருடமாகப் பலருக்கும் முதல் கல்லாக இருந்திருக்கிறது.

என்னைக் கேட்டால் முதல் கல் கெட்டியானதாக இருக்கட்டும். தீட்டும்போதே குழியும் கல்லில் பழகினால், தப்பு கையிலா கல்லிலா என்று தெரியாமல் திண்டாட வேண்டிவரும். அகலம் 70 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அலகு முழுக்கக் கல்லில் உட்காரும். ஐம்பது மில்லிமீட்டர் கல்லிலும் தீட்டலாம். ஆனால் ஒவ்வொரு இழுப்பிலும் கத்தியைப் பிடிப்பக்கத்திலிருந்து நுனியை நோக்கிக் குறுக்காக நகர்த்தக் கை பழகியிருக்க வேண்டும்.

இயற்கைக் கல்லுல தீட்டினா முகத்துக்கு மிருதுவா இருக்கும்னு சொல்றாங்களே. நெஜமா, கதையா?

கொஞ்சம் நிஜம், நிறையக் கதை. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வீல்சாம், லியர்னோ பக்கம் வெட்டியெடுக்கும் கோட்டிக்யூல் என்ற மஞ்சள் கல்லை எடுத்துக்கொள்வோம். அதில் வெட்டுவது நுண்ணிய கார்னெட் படிகங்கள். அவை பல முகங்கொண்டு ஏறக்குறைய உருண்டையாக இருப்பதால் ஆழமாகக் கீறுவதில்லை. படிகத்தின் அளவைப் பார்த்தால் 8000 கல்லைவிடப் பெரிது, ஆனால் கீறல் மேலோட்டமானது. அந்த வாய் தோலில் சற்று சாதுவாக ஓடுவதை நானும் உணர்ந்திருக்கிறேன். அதனடியில் ஒட்டியே வரும் ஊதா நிறப் பாறையையும் தனிக் கல்லாக விற்கிறார்கள். மெதுவானது, விலை குறைவு.

ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் சோன்னபர்க் ஊரின் எஷர் கம்பெனி விற்ற ஸ்லேட் கற்களுக்குப் பெரிய பெயர். இப்போது பழையது மட்டுமே கைமாறுகிறது, விலை அதற்கேற்ப. ஜப்பானில் கியோட்டோவை ஒட்டிய மலைகளின் கற்களும் அப்படித்தான். நாகயாமா முத்திரை போட்ட கல்லுக்குக் கல்லின் தரத்தைவிட முத்திரைக்கு விலை அதிகம். அமெரிக்காவின் ஆர்கன்சா கல் கிட்டத்தட்ட முழுக்க நுண்படிகக் குவார்ட்ஸ். கறுப்பு வகையும் ஒளி ஊடுருவும் வகையும் மிகக் கெட்டி, மிக மெதுவு. வாயை எழுப்ப உதவாது, முடிக்க மட்டும்.

இயற்கைக் கல்லின் தொல்லை, ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. புகழ்ந்து எழுதியவர் கையில் இருந்த கல் உங்களுக்கு வராது. செயற்கைக் கல்லில் ஒழுங்கான வாயை எழுப்பிப் பழகிய பிறகு ஆசைக்கு வாங்குங்கள். அதற்கு முன் வாங்கினால் கல்லையும் உங்களையும் மாற்றி மாற்றிச் சந்தேகப்படுவீர்கள்.

கோட்டிக்யூல் ஒரே கல்லுலயே ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் முடிச்சிரலாமாமே?

முடிக்கலாம். அதே ஜாதிச் சின்னக் கல்லால் மேலே தேய்த்தால் கல்துகளும் தண்ணீரும் கலந்த குழம்பு எழும்பும். மோர் பதத்தில் இருக்கும்போது கல் வேகமாக வெட்டும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் சில சொட்டுத் தண்ணீர் விட்டு நீர்த்துக்கொண்டே போய், கடைசியில் வெறும் தண்ணீரில் முடிக்க வேண்டும். நீர்க்கும்போது அவசரப்பட்டால் கெட்டது. குழம்பில் அலையும் துகளே வாயின் நுனியை லேசாக மழுக்கும், அதைத் தெளிந்த தண்ணீர்ச் சுற்றுகள்தான் எடுக்கும். மோசமான கத்தி என்றால் முதல் வேலையை 1000 கல்லில் முடித்துவிட்டு இதற்கு வாருங்கள். மணிக்கட்டுக்கு நல்லது.

கல்லை எவ்வளவு நேரம் தண்ணியில ஊறப்போடணும்? நான் பக்கெட்லயே வச்சிருக்கேன்.

முதலில் பக்கெட்டிலிருந்து எடுங்கள். கிங் 1000 மாதிரி துளையுள்ள கல்லைப் பத்து நிமிடம், குமிழி வருவது நிற்கும்வரை ஊறவிடலாம். ஷாப்டன், நேனிவா சூப்பர் ஸ்டோன் வகைக்கு மேலே தண்ணீர் தெளித்தால் போதும். மெக்னீசியா பிணைப்பில் செய்த கற்கள் உண்டு, நேனிவாவின் சோசெரா அந்த ரகம். அவை தண்ணீரிலேயே கிடந்தால் பிணைப்பு கரைந்து மேற்பரப்பு பொடியும். இயற்கைக் கற்களுக்கும் ஊறல் தேவையில்லை. சில கோட்டிக்யூல் கற்களை ஸ்லேட் பலகையில் ஒட்டியிருப்பார்கள். பக்கெட்டில் போட்டால் பசை விட்டுப்போகும்.

போர்த் தண்ணீரில் உப்பு அதிகம் உள்ள வீடுகளில் கல் காய்ந்ததும் வெள்ளைப் படலம் தெரியும். தீட்டுவதற்கு அதனால் கெடுதல் இல்லை, துடைத்தால் போய்விடும். மணல் வரும் தண்ணீர் மட்டும் ஆகாது. 8000 கல்லில் ஒரே ஒரு மணல் மாட்டினாலும் வாய் போயிற்று.

எண்ணெய் விட்டுத் தீட்டலாமா? எங்க வீட்ல தேங்காயெண்ணெய்தான் இருக்கு.

மேலே சொன்ன தண்ணீர்க் கற்களில் எந்த எண்ணெயும் கூடாது. துளைக்குள் போன எண்ணெய் திரும்பி வராது. ஆர்கன்சா கல்லுக்கு எண்ணெய் விடுவது வழக்கம், அதிலும் தையல் மெஷின் எண்ணெய்போல் இளக்கமான கனிம எண்ணெய். சமையல் எண்ணெய் காற்றுப்பட்டுப் பிசினாகி ஒட்டும். தேங்காயெண்ணெய் குளிரில் உறையவும் செய்யும். ஆர்கன்சா கல்லில் சோப்புத் தண்ணீரும் நன்றாகவே வேலை செய்கிறது.

தாத்தா சலூன் வச்சிருந்தார். அவர் பெட்டியில ஒரு சின்னக் கல்லு இருக்கு, எண்ணெயும் அழுக்கும் ஏறிக் கறுத்துக் கெடக்கு. தேறுமா?

தேற நிறைய வாய்ப்பு உண்டு. மண்ணெண்ணெயில் ஓரிரு நாள் போட்டு, பழைய பல்தேய்ப்பானால் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவுங்கள். அடுப்பில் வைத்து எண்ணெயை எரித்து எடுக்கிறேன் என்று கிளம்ப வேண்டாம், வெடித்துவிடும்.

உள்ளங்கை அளவில், மிகக் கெட்டியாக, மேலே கண்ணாடி மாதிரி வழுவழுப்பு ஏறியிருந்தால் அது பார்பர்களுக்கென்றே செய்த கடைசிக் கல்லாக இருக்கலாம். இன்றைய ஸ்லோவேனியாவின் மரிபோரில் செய்த ஸ்வாட்டி கற்கள் உலகம் முழுக்கச் சலூன்களுக்குப் போயின. பக்கவாட்டில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் சவர நுரையைத் தடவியோ தண்ணீரிலோ ஐந்தாறு இழுப்பு இழுத்தால் போதும், சோர்ந்த கத்தி மீண்டும் எழும். மேற்பரப்பில் ஏறிய அந்த வழுவழுப்பைத் தேவையில்லாமல் சொறிந்து எடுக்காதீர்கள். குழி இருந்தால் மட்டும் தட்டையாக்கி, நைசான தாளில் முடியுங்கள்.

என் கல்லு பார்க்கத் தட்டையாத்தான் இருக்கு. இருந்தும் தட்டையாக்கணுமா?

கண்ணை நம்பாதீர்கள். பென்சிலால் கல்லின் மேல் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள், ஓரம்வரைக்கும். 325 அல்லது 400 கிரிட் வைரத் தகட்டைத் தண்ணீர் விட்டு அதன் மேல் லேசாக எட்டு வடிவத்தில் ஓட்டுங்கள். தட்டையான கல்லில் எல்லாக் கோடும் ஒன்றாக மங்கி ஒன்றாக மறையும். குழிந்த கல்லில் நான்கு மூலையும் முதலில் வெளுக்கும், நடுவில் ஒரு நீள்வட்டத்தில் பென்சில் கோடு பளிச்சென்று அப்படியே நிற்கும். அந்த நீள்வட்டம் போகும்வரை தேய்க்க வேண்டும். புதிதாக வாங்கிய கல்லுக்கும் இதைச் செய்யுங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் கல் எல்லாம் தட்டையல்ல.

வைரத் தகடு விலை அதிகமாகத் தெரிந்தால் தடித்த கண்ணாடிமேல் தண்ணீர்த்தாள் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் எமரித் தாள்) ஒட்டி அதில் தேய்க்கலாம். அடுப்படி கிரானைட் மேடையும் பரவாயில்லை ரகம். முடிந்ததும் கல்லின் நான்கு விளிம்பையும் சாய்வாக மழித்துவிடுங்கள், இல்லையென்றால் கூரான விளிம்பு வாயைக் கொத்தும். புதிய வைரத் தகடு என்றால் முதலில் 1000 கல்லில் பழக்குங்கள். ஆரம்பத்தில் தளர்ந்த வைரத் துகள் உதிரும், அது 12000-ல் புதைந்தால் கண்டுபிடித்து எடுப்பது நரகம்.

எப்போதெல்லாம் என்றால், 1000 கல்லை ஒவ்வொரு கத்திக்கும் முன்னால், நைசான கற்களைக் கட்டம் போட்டுப் பார்த்துவிட்டு.

ரெண்டு கல்லையும் ஒண்ணோட ஒண்ணு வச்சுத் தேய்ச்சா தானா தட்டையாயிராதா?

ஆகாது. ஒன்று குழியும், மற்றொன்று அதற்குப் பொருந்துகிற மாதிரி மேடாகும். இரண்டும் ஒட்டி உட்காருவதால் தட்டை என்று தோன்றும். மூன்று கல்லை மாற்றி மாற்றி ஜோடி சேர்த்துத் தேய்த்தால்தான் மூன்றும் தட்டையாகும், பழைய இயந்திரப் பட்டறைகளில் அளவுப் பலகை செய்த முறை அது. கிரிட் வேறுவேறாக இருந்தால் பெரிய துகள் நைசான கல்லில் ஏறிவிடும் என்பது இன்னொரு வம்பு.

அந்த வைரத் தகட்டுலயே கத்தியைத் தீட்டிட்டா ஒரு கல்லு மிச்சமாச்சே?

பிசகு. வைரம் ஆழமாகக் கீறும். 400 தகடு போட்ட கீறலை 1000 கல்லில் எடுக்கவே பாதி நாள் போகும். உடைந்த வாயை இறக்க 1000-க்கு மேற்பட்ட நைசான வைரத் தகடு சிலர் பயன்படுத்துவதுண்டு, அது கை தேர்ந்தவர்களுக்கு.

கல்லு மேல கறுப்பா கோடு கோடா ஏறியிருக்கு. கெட்டுப்போச்சா?

எஃகுத் துகள்தான். அது துளையை அடைத்தால் கல் வெட்டாது, கத்தி வழுக்கும். சின்னத் தேய்ப்புக் கல்லால் மேலே நாலு தேய் தேய்த்துக் கழுவினால் போய்விடும். விட்டுவைத்தால் கடலோர ஊர்க் காற்றில் அதுவே துருப்பிடித்துப் பழுப்புக் கறையாகும்.

கழுவிய கல்லை நிழலில், காற்றுப்படும்படி, பக்கவாட்டில் நிறுத்திக் காயவிடுங்கள். மொட்டை மாடி வெயிலில் வைத்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்க, வெடிப்பு விழும். மேலே சொன்ன மெக்னீசியா ரகம் இதில் முதல் ஆள். முழுக்கக் காயாமல் பிளாஸ்டிக் டப்பாவில் மூடினால் மழைக்காலத்தில் பூஞ்சை.

எல்லாம் சொன்னபடி செஞ்சேன், 12000 வரைக்கும் போனேன். இருந்தும் தாடியைப் பிடிச்சு இழுக்குது!

பத்தில் ஒன்பது முறை 1000 கல்லுக்குத் திரும்ப வேண்டியிருக்கும். விளக்குச் சோதனையை மறுபடி செய்யுங்கள். வெள்ளிப் பொட்டு இருந்தால் அங்கிருந்தே தொடக்கம். பொட்டு இல்லை, ஆனால் லென்ஸில் வாயோரம் மெல்லிய பிசிறு தொங்குகிறது என்றால் நைசான கல்லில் அழுத்தியிருக்கிறீர்கள். கல்லின் மூலையில் எடையே இல்லாமல் வாயை ஒருமுறை உரசிப் பிசிறை எடுத்துவிட்டு 8000-த்திலிருந்து வாருங்கள். நைசான கல்லில் சரியாகப் போகும்போது வாய்க்கு முன்னால் தள்ளப்படும் தண்ணீர் அலகின் மேல் ஏறி வழியும். தண்ணீர் வாயடியில் நுழைந்து போனால் வாய் கல்லில் படவில்லை.

கல்லில் தப்பே இல்லாமல், தோல்வாரைத் தளர்வாகப் பிடித்து வாயை உருட்டியிருக்கவும் கூடும். தாடியை வெந்நீரில் ஊறவைக்காமல் கத்தியைத் திட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

நுனியும் பிடிப்பக்கமும் கூரா இருக்கு, நடுவுல மட்டும் வரவே மாட்டேங்குது. கல்லு தட்டைதான், பென்சில் போட்டுப் பார்த்துட்டேன்.

அப்படியானால் கத்தியைச் சந்தேகிக்க வேண்டும். வாயை ஸ்கேல் விளிம்பில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வாய் உள்வளைந்துவிட்டது. நடுவில் மட்டும் அழுத்தி வருடக்கணக்கில் தீட்டியதன் பலன். இரு ஓரங்களும் இறங்கும்வரை 1000-ல் தேய்ப்பதுதான் வைத்தியம். வாய் வெளிவளைந்திருந்தால் கோளாறு இல்லை, பல கத்திகளின் வடிவமே அது. குறுகலான கல்லில் குறுக்கு இழுப்பு இழுத்தால் எல்லா இடமும் தொடும். அலகே முறுக்கியிருந்தால் ஒரு பக்கம் நடுவிலும் மறுபக்கம் ஓரங்களிலும் மை மிச்சமிருக்கும். அதற்கும் குறுகலான கல்தான் கைகொடுக்கும். அகலமான கல்லை மட்டுமே புகழ்ந்தவர்களுக்கு இது பிடிக்காது.

கல்லே வேண்டாம், பச்சைப் பேஸ்ட் தடவின தோல்ல இழுத்தா போதும்ங்கறாங்களே? லாப்பிங் ஃபிலிம்னு வேற ஒண்ணு சொல்றாங்க.

பச்சைப் பேஸ்ட் குரோமியம் ஆக்சைடு, அரை மைக்ரான் சுமார். நல்ல வாயைச் சில மாதம் நீட்டிக்க உதவும். அதையே நம்பி ஓட்டினால் தோலின் தொய்வால் வாய் மெல்ல உருண்டு, கடைசியில் கல்லிடம்தான் வந்து நிற்க வேண்டும். பேஸ்ட் தடவிய தோலைத் தினசரித் தோல்வாரோடு சேர்க்காதீர்கள்.

லாப்பிங் ஃபிலிம் என்பது உராய்பொடி பூசிய பிளாஸ்டிக் தாள், மோசமில்லை. 3, 1, 0.3 மைக்ரான் தாள்களைத் தட்டையான கண்ணாடியில் தண்ணீரால் ஒட்டித் தீட்டலாம். குழிவிழாது, தட்டையாக்கும் வேலை இல்லை. தேயத் தேய வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே ஒரு கத்தி வைத்திருப்பவருக்குக் கல்லைவிட இதுவே கட்டுப்படியாகும்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை கல்லுல போடணும்?

நாள் கணக்கைவிட முகத்தைக் கேளுங்கள். தோல்வாரில் இழுத்த பிறகும் கன்னத்தில் பிடித்தால் நேரம் வந்துவிட்டது. அப்போதும் 1000-த்தைத் தொட வேண்டாம். கடைசிக் கல்லில் பத்துப் பதினைந்து இழுப்பு. வாய் உடைந்தால் ஒழிய முதல் கல்லுக்குப் போக வேலையில்லை. சவரம் முடிந்ததும் கத்தியைத் துடைத்து, கடலோர ஊரென்றால் ஒரு துளி எண்ணெயும் தடவுங்கள். துருப்பிடித்த வாயைத் தீட்டுவதில்தான் கத்தியும் கல்லும் அதிகம் தேய்கின்றன.

கல்லு கை தவறி விழுந்து ரெண்டா போயிருச்சு. தூக்கிப் போட்டுடட்டுமா?

வேண்டாம். சுத்தமாக இரண்டாக உடைந்திருந்தால் ஈரமில்லாமல் காயவிட்டு, எபாக்சியால் மரப்பலகையிலோ கண்ணாடியிலோ ஒட்டி, மேலே தட்டையாக்கினால் பழையபடி ஓடும். ஒட்டு நேராகச் சேரவில்லை என்றால் பெரிய துண்டை மட்டும் குறுகலான கல்லாக வைத்துக்கொள்ளலாம். முறுக்கிய கத்திக்கு அதுதான் வேண்டும் என்று மேலே பார்த்தோம். சின்னத் துண்டு அதே கல்லுக்குத் தேய்ப்புக் கல்லாகும். எந்தத் துண்டானாலும் உடைந்த விளிம்பை வைரத் தகட்டில் மழித்துவிட்டு, அதன்மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கும் தட்டாமல் போன பிறகு கத்தியை வையுங்கள்.